வராத பணத்துக்கு வரவு

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு ஆண்டுக்கு இரண்டு பரீட்சை. நவம்பரில் உயிரோடுதான் இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். ஜூலை வாக்கில், எவ்வளவு வருமானத்தோடு உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். முதலாவது சுலபம், இப்போதெல்லாம் கைப்பேசிக்கு முகத்தைக் காட்டினாலே ஜீவன் பிரமாண் சான்றிதழ் வந்துவிடுகிறது. இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறார்.

காரணம் அலட்சியமல்ல, அளவுகடந்த ஒழுங்கு. பணியிலிருந்த காலமெல்லாம் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவர் அவர். பாஸ்புக்கில் பென்ஷன் என்று விழுந்த பன்னிரண்டு வரிகளையும் பென்சிலால் டிக் அடித்து, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டி வைத்துக்கொண்டுதான் கணினி முன் உட்காருவார். வருமான வரி இணையதளமோ அவரைக் கேட்காமலேயே கட்டங்களை நிரப்பி வைத்திருக்கும். அந்தத் தொகை பாஸ்புக்கோடு ஒத்துப்போகாது. 'கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்' என்று அதைத் திருத்துவார். வில்லங்கம் பிறப்பது அந்த நிமிடத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதப் பென்ஷன் 80,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9,60,000. 2024-25 நிதியாண்டின் புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக மிச்சம் 8,85,000. அதற்கு வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 40,040. பென்ஷன் தரும் வங்கி இதை மாதாமாதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுகிறது. பாஸ்புக் அறிந்தது 9,19,960 மட்டுமே. பெரியவர் அதையே வருமானம் என்று எழுதுகிறார், பிடித்த வரியைக் காட்டும் டி.டி.எஸ். கட்டத்தில் 40,040 அப்படியே நிற்கிறது. இணையதளம் சளைக்காமல் கூட்டிக் கழித்து, உங்களுக்கு ஏறக்குறைய 4,160 ரூபாய் திரும்ப வரவேண்டும் என்கிறது. வீட்டில் அன்றைக்கு கேசரி.

சில வாரங்களில் வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. பிரிவு 139(9)-இன்படி உங்கள் படிவம் குறையுள்ளது, 15 நாளில் சரிசெய்க. வரி பிடித்ததாகக் கணக்குக் காட்டிய வருமானம் ஒன்று, நீங்கள் எழுதிய வருமானம் வேறொன்று என்பது சாரம். வெளியூரிலிருக்கும் மகனுக்கு உடனே போன் போகிறது.

"எனக்கு வராத பணத்தை வந்ததா எப்படிப்பா எழுதறது?"

"உங்க பேர்ல அரசாங்கத்துக்குக் கட்டியிருக்காங்கப்பா."

"யாரைக் கேட்டுக் கட்டினாங்க?"

மகனிடம் பதிலில்லை, சட்டத்திடம் இருக்கிறது. அந்த நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 198-ஆவது பிரிவு, பிடித்தம் செய்த வரியும் நீங்கள் பெற்ற வருமானமே என்கிறது. அப்படி ஒப்புக்கொண்டவருக்கே அடுத்த பிரிவு அந்த வரியை வரவு வைத்துத் தருகிறது. ஆக, முழுப் பென்ஷனையும் எழுதிவிட்டுத்தான் பிடித்ததைக் கேட்க வேண்டும். பாஸ்புக்கை அலமாரியில் வைத்துவிட்டு, பென்ஷன் வரிப் பிடித்தத்துக்கு வங்கி தரும் படிவம் 16, பிடித்த வரிகளைப் பட்டியலிடும் படிவம் 26ஏ.எஸ்., 2021-இல் வந்த ஏ.ஐ.எஸ். எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

படிவம் 16-ஐ வாங்குவது தனி யாத்திரை. கிளை மேலாளர், "அது எங்ககிட்ட வராது சார், பென்ஷன் மையத்துலதான் போடுவாங்க" என்பார். உண்மைதான். பல வங்கிகளில் பென்ஷனுக்கு வரி பிடிப்பது ஒரு மையம், வைப்புத்தொகை வட்டிக்குப் பிடிப்பது இன்னொரு அலுவலகம். வாசலில் ஒரே பெயர்ப்பலகை. உள்ளே வரி பிடிப்போர் எண்ணான 'டான்' இரண்டு. பென்ஷன் வரி சம்பள அட்டவணையில் ஏறும், வட்டி வரி இன்னொன்றில். இரண்டையும் ஒரே வங்கிதானே என்று சேர்த்து எழுதினால் பெங்களூரிலிருந்து மறுபடி மடல்.

வட்டியிலும் கண்ணில் படாத பணம் உண்டு. ஐந்தாண்டு கழித்து மொத்தமாகத் தரும் வைப்புத்தொகையில் வட்டி வருடாவருடம் ஏறும், வரியும் வருடாவருடம் பிடிபடும். பெரியவர் முதிர்வு நாளுக்காகக் காத்திருப்பார், வரித்துறை காத்திருக்காது. மூத்த குடிமக்களுக்கு வட்டியில் வரி பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரலில் 50,000-லிருந்து ஒரு லட்சமானது. வரம்புக்குள் இருந்தால் வரியே கிடையாது என்று அதை வாசிப்பவர்களும் உண்டு. பிடிக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். எழுதியே ஆகவேண்டும்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாளுக்கு விதியே வேறு. கணவருக்குச் சம்பளத் தலைப்பில் இருந்த அதே பென்ஷன், மனைவியிடம் வந்ததும் 'இதர வருமானம்' ஆகிவிடுகிறது. 75,000 கழிவு போய், புதிய வரிமுறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. கணவரின் பழைய படிவத்தைப் பார்த்து நிரப்பினால் கழிவு கூடிவிடும்.

75 வயதை எட்டியவர்களுக்கு அதே 1961 சட்டத்தின் 194பி என்ற பிரிவில் ஒரு சலுகை 2021 ஏப்ரலில் வந்தது: படிவமே தாக்கல் செய்ய வேண்டாம். நிபந்தனை, பென்ஷனும் வட்டியும் மட்டுமே வருமானமாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே வங்கியிலிருந்து வரவேண்டும். கால் சதவீதம் கூடக் கிடைக்கிறதென்று மூன்று வங்கியிலும் தபால் நிலையத்திலும் பிரித்துப் போட்டு வைத்திருக்கும் நம் பெரியவருக்கு இது எட்டாது.

இன்னொரு ரகம், ஏப்ரல் முதல் வாரமே தாக்கல் செய்யத் துடிப்பவர். 2024-25 நிதியாண்டில் கடைசி மூன்று மாதத்துக்கான டி.டி.எஸ். விவரத்தை வங்கி தர மே 31 வரை அவகாசம் இருந்தது. படிவம் 16-க்கு ஜூன் 15. அதற்கு முன்பே முந்திக்கொண்டவரின் 26ஏ.எஸ்.-இல் அந்தப் பிடித்தம் காலியாகக் கிடக்கும்.

எல்லாம் சரியாக எழுதி, 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. வழியே உறுதிசெய்தால், கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வரும். அது மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் உண்டு. அந்த வட்டிக்கும் வரி உண்டு. அடுத்த ஆண்டுப் படிவத்தில் எழுத வேண்டும். இத்தனை களேபரத்திலும் முழுசாகக் கைக்கு வந்து, பாஸ்புக்கிலும் பதிவான பணம் அது. பெரியவர் எழுத மறப்பதும் அதைத்தான்.