வாங்கிட்டயா கண்ணு, ரொம்பச் சந்தோசம்

ஏங்கண்ணு, நீ அனுப்புன வீடியோவை நானும் உன்ற அம்மிச்சியும் திண்ணையில உக்காந்து பாத்தோம். டெக்சாஸ் வெயிலுக்கு உன்ற மூஞ்சி நல்லாக் கறுத்துக் கெடக்குது. அது கெடக்கட்டும். துப்பாக்கி அருமை. தானா லோடு ஆகற ஏர்கன்னு சொன்னே. டிரிகரை ஒருக்கா அமுக்குனா ஒரு குண்டு, மறுக்கா அமுக்குனா மறு குண்டு. நடுவுல கம்பி இழுக்கோணும், குண்டு சொருகோணுங்கற தொந்தரவே இல்லை. பத்துக் குண்டும் படபடன்னு போச்சு. மேசை மேல அடுக்கி வெச்ச தகர டப்பா அத்தனையும் வெச்ச எடத்துலயே நின்னுச்சு. "டப்பாவுல படாமச் சுடறதுதான் போட்டியா?"ன்னு அம்மிச்சி கேட்டா. ஆமான்னு சொல்லி உன்ற மானத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கேன். நீ வந்து மாத்திச் சொல்லிப் போடாதே.

டப்பா தப்பிச்சுது, பொடக்காளியில இருக்கற பலகை வேலி தப்பிச்சுதா? அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்குது, அவிய வீட்டுலயும் கொழந்தைக வெளையாடும். .22 குண்டுக்கு அந்தப் பலகையெல்லாம் ஒரு தடையே இல்லை. டப்பாவுக்குப் பின்னால மண்ணு நெறச்ச மூட்டையை ஆள் ஒசரத்துக்கு அடுக்கு. இரும்புத் தகடு வெச்சீன்னா குண்டு திரும்பி உன்ற மூஞ்சிக்கே வரும், கண்ணாடி போடாம நிக்காதே. குண்டு எங்க போய் முடியும்னு தெரியாம டிரிகர்ல வெரலை வெக்கறவனுக்கு எங்க காலத்துல அறை விழும். இப்ப அமெரிக்காவுல இருக்கறே, எட்டலை.

அடுத்தது காத்து. காத்துக்குக் காசில்லைன்னு எவனோ உன்ற காதுல ஓதியிருக்கறான். உன்ற கார் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. போதும். உன்ற துப்பாக்கிக்கு 3000 பி.எஸ்.ஐ. கேக்குதுன்னு நீயே சொன்னே. கடையில நெப்பித் தர்ற சிலிண்டர்ல 4500 இருக்குமாம். ஆக, முதல்ல கைப்பம்பு வாங்குனே. அதுல எந்திரிச்சு உக்காந்து, எந்திரிச்சு உக்காந்து, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கற போட்டோவை உன்ற பொண்டாட்டி எனக்கு அனுப்பிப் போட்டா. மாசாமாசம் ஜிம்முக்குக் கட்டற பணம் மிச்சம்னு நீ சொன்னதா அவ சொன்னா. பொறவு ஜிம்முக்குக் கட்டற பணத்தைப் போல பல மடங்கு குடுத்துக் கம்ப்ரசர் வாங்குனதையும் அவதான் சொன்னா.

வெசனப்படாதே, உனக்கு முன்னாலயே இந்தப் பாடு பட்டவங்க இருக்கறாங்க. 1779 வாக்குல ஜிராண்டோனின்னு ஒருத்தரு ஆஸ்திரியப் பட்டாளத்துக்குக் காத்துத் துப்பாக்கி செஞ்சு குடுத்தாரு. தோள்ல வெக்கற கட்டையே காத்து அடைக்கற இரும்புக் குடுவை. பக்கத்துல ஒரு குழாய்ல இருபது குண்டுக்கு மேல நிக்கும். குழலைக் கொஞ்சம் மேல தூக்கி, ஒரு கட்டையைத் தள்ளுனா அடுத்த குண்டு வந்து உக்காரும். அந்தக் காலத்துல மத்த சிப்பாயெல்லாம் மருந்து கெட்டிச்சு ஒரு குண்டு சுடறதுக்குள்ள இவன் பல குண்டைச் சுட்டுருவான். ஆனா அந்தக் குடுவையை நெப்பறதுக்கு 1500 தடவை பம்பு அடிக்கோணும். சுடறது ஒரு நிமிசம், அடிக்கறது அரைப் பொழுது. இருநூத்துச் சொச்சம் வருசம் கழிச்சு நீ டாலர் குடுத்து அதே பம்பைத்தான் புடிச்சிருக்கறே.

எகத்தாளம் ஒருபக்கம் இருக்கட்டும், இதைக் காதுல வாங்கிக்கோ. போர்வெல்லுக்குக் கம்ப்ரசர் ஓட்டுன கை இது. காத்தை அமுக்குனாச் சூடேறும். காத்துல இருக்கற ஈரமும் கூடவே உள்ள போயி, ஆறுனதும் தண்ணியா எறங்கிக் குடுவையைத் துருப்புடிக்க வெச்சுரும். ஈரம் உறிஞ்சற வடிகட்டியை மாத்தாம ஓட்டாதே, பம்பு சுட்டா நிறுத்தி ஆற விடு. காத்துப் போற வழியில கிரீசு, மோட்டார் ஆயிலு எதையும் தடவிப் போடாதே. அத்தனை அழுத்தத்துல எண்ணெய் பட்டா வெடிச்சாலும் வெடிச்சுரும். சிலிக்கோன் எண்ணெய் மட்டுந்தான், அதுவும் சொட்டுக் கணக்குல. வெல்டிங் பட்டறைக்காரன் ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கெடக்குதுன்னு சொன்னா, அந்தத் தெருப் பக்கமே போகாதே.

அப்பறம் நீ போன வாரம் பொலம்புனது. "அப்பிச்சி, கூட வேலை செய்யறவன் கையில இழுத்துப் போடற துப்பாக்கி வெச்சிருக்கான், ஒருக்கா நெப்புனா என்னைவிட ரொம்ப நேரம் சுடறான்"னு. சுடாம என்ன பண்ணுவான்? அவன் துப்பாக்கியில காத்துக்கு ஒரே வேலை, குண்டைத் தள்ளறது. உன்றதுல ரெண்டு வேலை. குண்டையும் தள்ளோணும், போல்ட்டைப் பின்னால ஒதைச்சு அடுத்த குண்டையும் ஏத்தோணும். கறவைப் பால்ல பாதியைக் கன்னுக்குட்டி குடிச்சுட்டுப் போற கணக்கு. போதாக்கொறைக்கு, காத்து எறங்க எறங்கக் குண்டு மட்டும் போகும், போல்ட்டைத் தள்ளத் தெம்பிருக்காது. அப்பத் துப்பாக்கி பாதி வழியில நின்னுக்கும். நீயும் அதை ரிப்பேருன்னு நெனச்சுக் கழட்டிப் போடுவே.

குண்டு ஒண்ணை உள்ளங்கையில வெச்சுப் பாரு. நடுவுல இடுப்பு ஒடுங்கி, பின்னால பாவாடை விரிஞ்சு நிக்குது பாரு. நகத்துல கீறுனாத் தடம் விழுகற ஈயம். கையில மெதுவா நவுத்தி ஏத்துனா அது கசங்காது. உன்ற துப்பாக்கியோ படபடன்னு குத்தி ஏத்துது. மேகசீன் மயிரிழை வெலகி நின்னாப் போதும், பாவாடை ஓரம் சீவிப் போயிரும். சீவுன குண்டு எங்க போகும்னு அதுக்கே தெரியாது. அதனாலதான் ஒரு டப்பிக் குண்டு தேனா ஓடுது, அதே .22-ன்னு எழுதுன இன்னொரு டப்பி மொடக்கு மொடக்குன்னு சிக்குது. நீளத்துல ஒரு நூலு கூடுனாலும் இதுக்குச் சேராது. ஒத்துப் போற டப்பி ஒண்ணு கெடச்சுதுன்னா மொத்தமா வாங்கி வெச்சுக்கோ. பெட்டி மேல போட்ட வேகத்தைப் பாத்து வாய் பொளக்காதே. எடை கொறஞ்ச உலோகக் குண்டை வெச்சு அளந்து அச்சடிக்கறது அது. சத்தத்தோட வேகத்தை ஒட்டிப் போனாக் குண்டு ஆட்டம் போடும், குறி சிதறும்.

இதுல எனக்குப் பயம் எது தெரியுமா? மேகசீனைக் கழட்டிக் கையில எடுத்துட்டு "காலி அப்பிச்சி"ன்னு கேமரா பக்கம் குழலைத் திருப்புனே பாரு, அதுதான். நீ கழட்டறதுக்கு முன்னாலயே போல்ட்டு ஒரு குண்டை உள்ள ஏத்தி வெச்சிருந்தா? கையில இருக்கறது காலி, குழலுக்குள்ள இருக்கறது கெட்டி. பாதி வழியில போல்ட்டை மறுக்கா இழுத்தீன்னா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு குண்டு உக்காந்துக்கும். அது வேற அக்கப்போரு. கடைசிக் குண்டு போனதும் மண்ணு மூட்டைக்கு நேரா ஒருக்கா வெறும்னே அமுக்கிப் பாத்துட்டுத்தான் கீழ வைக்கோணும். சுட்டு முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அது ஈயம், அதே கையில முறுக்கை எடுக்காதே.

உன்ற கூட்டாளி கேஸ் குப்பி போடற ரகம் வாங்கியிருக்கறானாமே. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு, வெலை கம்மி, பம்பு வேண்டாம். நல்லதுதான். அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. படபடன்னு சுடச் சுடக் குப்பி குளுந்து போகும். குளுந்தா அழுத்தம் எறங்கும், குண்டு தணிஞ்சு போகும். படபடன்னு சுடறதுக்குன்னே காசு குடுத்து வாங்கி, பொறவு ஆற விட்டு ஆற விட்டுச் சுடறான். மார்கழிக் குளிருல அவனை வெளிய வரச் சொல்லாதே, வெக்கப்படுவான்.

நிதானமாச் சுடறவங்களும் இருக்கறாங்க கண்ணு. நம்ம கடலூருல பொறந்த புள்ள இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைபிள்ல ஒலிம்பிக் வரைக்கும் போச்சு. அந்தப் போட்டியில சுடறவங்க கையில இருக்கறது ஒத்தைக் குண்டுத் துப்பாக்கி. தானா லோடு ஆகறதை உள்ளயே விட மாட்டாங்க, தொலைநோக்கிக் கண்ணாடியும் கெடையாது. நடுவுல இருக்கற பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். 60 குண்டுக்கு 75 நிமிசம் குடுக்கறாங்க. கணக்குப் போடு, ஒரு குண்டுக்கு ஒண்ணேகால் நிமிசம். நீ அதே ஒண்ணேகால் நிமிசத்துல மேகசீன் ரெண்டை முடிச்சுப் போட்டு, வேலிக்காரரு எட்டிப் பாக்கறாரான்னு வேற பாத்துட்டே. அந்தப் புள்ளைக்குத் தெறமை பத்தாது போல.

வீட்டுக்கு ஒறம்பரை வந்தாத் துப்பாக்கியைக் காட்டு, கையில குடுக்காதே. அமெரிக்காவுல மேக்க வழி கண்டுபுடிக்கக் கெளம்பிப் போன மெரிவெதர் லூயிஸ் கதை தெரியுமா? 1803 ஆகஸ்டு கடைசியில பிட்ஸ்பர்க்கை வுட்டுப் பொறப்பட்ட கையோட, ஆத்து நடுவுல ஒரு தீவுல நிறுத்தி, ஊராளுகளுக்குக் காத்துத் துப்பாக்கி காட்டுனாரு. அதுவும் ஜிராண்டோனி ரகந்தான்னு சொல்றாங்க. 55 கஜத்துல ஏழு தடவை நல்லாத்தான் சுட்டாரு. அத்தோட உள்ள வெச்சிருக்கலாம். பழக்கமில்லாத ஒருத்தரு வாங்கிப் பாத்தாரு, கை தவறி வெடிச்சுது, 40 கஜத்துல நின்ன ஒரு பொம்பளையோட தொப்பியை ஓட்டை போட்டு நெத்திப் பொட்டைக் கிழிச்சுட்டுப் போச்சு. ரத்தம் கொட்டி அந்தம்மா விழுந்ததும் செத்தே போச்சுன்னு பதறிட்டாங்க. நல்லவேளை, எந்திரிச்சு உக்காந்துது. பயணம் ஆரம்பிச்சு ஒரு பொழுது ஆகலை கண்ணு, அதுக்குள்ள இத்தனை. தனக்கு வந்த இந்தக் கேவலத்தைத் தானே கைப்பட எழுதி வெச்சாரு பாரு, அந்த ஒண்ணுக்காகவே அந்தாளு மேல எனக்கு மரியாதை.

வேலையை வுட்டுட்டு இதே கதியாக் கெடந்துர மாட்டேன்னு சொன்னே, நம்பறேன். மிச்சிகன்ல பிளிமத்துங்கற ஊர்ல 1882-ல குடியானவங்களுக்குத் தண்ணி எறைக்கற காத்தாடி செஞ்சு வித்த ஒரு கம்பெனி இருந்துது. யாவாரம் படுத்துச்சு. காத்தாடி வாங்குனா ஏர்கன் எனாம்னு குடுத்துப் பாத்தாங்க. சனங்க எனாத்தைக் கேட்டு வந்து நின்னாங்க, காத்தாடியை எவனும் திரும்பிப் பாக்கலை. 1895-ல கம்பெனி பேரையே டெய்சின்னு மாத்திப் போட்டாங்க. தண்ணி எறைக்க வந்த குடியானவன் துப்பாக்கியோட வீட்டுக்குப் போயிருக்கறான். அவன் பொண்டாட்டி என்ன சொல்லியிருப்பாளோ, அதை எவனும் எழுதி வெக்கலை.

சட்டம் ஒண்ணு இருக்குதில்ல. அங்க மத்திய சர்க்காரு இதைத் துப்பாக்கிக் கணக்குலயே சேக்கறதில்லை. ஊருக்கு ஊரு, மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற. உன்ற பெரியம்மா பையன் நியூ ஜெர்சியில இருக்கறான், அவன் வீட்டுக்கு இதைக் காருல போட்டுட்டுப் போயிராதே. அங்க இதுவும் துப்பாக்கிதான், கார்டு இல்லாமத் தொடக்கூடாது. உன்ற வேலி மேல உக்காந்து விடிய விடியக் கத்துற மாக்கிங்பேர்டையும் குறி வெக்காதே. அது டெக்சாசுக்கு மாநிலப் பறவை, 1918-ல போட்ட சட்டம் அதுக்குக் காவல் நிக்குது.

இப்ப வர்றேன் விசயத்துக்கு. "ஊருக்குக் கொண்டாரட்டுமா அப்பிச்சி, சோளக்காட்டுல மயிலு தொந்தரவுன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டே. கேட்ட வரைக்கும் மனசு குளுந்துச்சு. மயிலு தொந்தரவு உண்மைதான். வெதைச்சதைக் கெளறுது, தக்காளியைக் கொத்துது, கொத்திட்டுத் தோகையை விரிச்சு ஆடிக் காட்டிட்டு வேற போகுது. ஆனா அது 1963-லயே தேசியப் பறவை ஆயிட்டுது. வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. தொட்டா மூணு வருசத்துக்குக் கொறையாம உள்ள போகோணும். உன்ற துப்பாக்கி .22, அதாவது 5.5 மில்லிமீட்டர். நம்மூரு 2016 ஆயுத விதியில 4.5 மில்லிமீட்டர் தாண்டுனாலோ, 20 ஜூலுக்கு மேல போனாலோ லைசன்ஸ் வேணும். ஆக, துப்பாக்கிக்கு ஒரு கேசு, மயிலுக்கு ஒரு கேசு. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கற குடும்பம், முருகன் வண்டியையே சுட்டுட்டு அவருகிட்டயே போயி என்னன்னு வேண்டறது? வேணும்னா சிவன்மலை உத்தரவுப் பெட்டியில வைக்கச் சொல்லி யாரு கனவுலயாச்சும் முருகன் வந்து கேக்கட்டும், அப்பக் கொண்டா.

அதுவரைக்கும் துப்பாக்கி அங்கயே இருக்கட்டும், பூட்டுப் போட்ட பெட்டியில, புள்ளைக கைக்கு எட்டாம. குண்டு ஒருபக்கம் கெடக்கட்டும். ஒவ்வொண்ணாச் சுட்டுப் பழகு. ரெண்டாவது குண்டு தானா வந்து நிக்குதேன்னு வெரல் பரபரக்கும், பரபரக்கட்டும், அமுக்காதே. டப்பா விழுந்ததும் வீடியோ அனுப்பு.

அப்பறம் கண்ணு, அந்த ஓ ரிங்கு பாக்கெட்டு, துப்பாக்கிக்குன்னு மாசத்துக்கு ஒண்ணு வாங்கறயே, அதுல ரெண்டு எடுத்துட்டு வா. பொடக்காளிக் குழாயி ஒழுகிட்டே கெடக்குது, அதுக்கு ஆகுமான்னு பாக்கோணும்னு அம்மிச்சி சொல்றா.