அடிமுடி காணா மெனு

டிவிடி காலத்தில், திருவண்ணாமலையில் ஒரு கல்யாணம் முடிந்து மாதம் இரண்டு ஆனபின் ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவை கனமான ஒரு கரிஷ்மா ஆல்பமும், பெண் மாப்பிள்ளை படம் போட்ட உறைக்குள் ஒரு டிவிடியும். ஆல்பத்தைப் பற்றி உறவுக்குள் வேண்டிய மட்டும் விவாதம் நடந்துவிடும். யார் படம் பெரிதாக விழுந்தது, யார் படம் விழவே இல்லை என்பது வரை தீர்ப்பெழுதி முடிந்துவிடும். டிவிடியைப் போட்டதும் நாதஸ்வரத்தோடு வந்து நிற்கிற மெனு என்னும் முகப்பையோ அறிஞர் உலகம் இன்றுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்ததே இவ்வாராய்ச்சி. இதன் துணிபு ஒன்றே: அகலத்திரை மெனுவில் பட்டன்களைக் கோபுர நிலைகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது பிழை, கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்கள்போல ஒன்றையடுத்து ஒன்றாக, பக்கவாட்டில், திரையின் நட்டநடுக் கோட்டில் வைப்பதே முறை. முன்னதைக் கோபுரக் கொள்கை என்றும் பின்னதைக் கிரிவலக் கொள்கை என்றும் வழங்குவோம்.

முதலில் தீர்க்கவேண்டியது, திருவண்ணாமலை உயரமான ஊரா, அகலமான ஊரா என்ற கேள்வி. கோபுரக் கொள்கையினர் உடனே ராஜகோபுரத்தைக் காட்டுவார்கள். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த அந்தப் பதினொரு நிலைக் கோபுரத்தின் உயரம் 217 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் சொல்லப்படும் 216 அடியைவிட ஓரடி கூடுதல் என்பதை உள்ளூர்க்காரர்கள் மறந்தும் விட்டுவிட மாட்டார்கள். ஆனால் அதே கோபுரத்தின் அடித்தளம் 135 அடிக்கு 98 அடி. 217-ஐ 135-ஆல் வகுத்தால் வருவது 1.6. அதாவது ராஜகோபுரத்தைப் படுக்கப் போட்டால், பழைய கம்ப்யூட்டர் மானிட்டரின் 16:10 அளவுக்குக் கச்சிதமாக வந்து உட்காரும். உயரத்துக்குச் சாட்சி சொல்ல வந்த கோபுரமே படுத்துக்கொண்டால் நம் கட்சி. மலையோ படுக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லாதது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை ஒரு வட்டமாகக் கொண்டால் குறுக்களவு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். மலையின் உயரம் 2,668 அடி, கடல் மட்டத்திலிருந்தே அளந்தாலும் 813 மீட்டர்தான். அகலம் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்கு. 16:9 என்பது 1.78 மடங்கு, சினிமாஸ்கோப்பே இரண்டேகால் மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. (தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. விண்ணை முட்ட விமானம் எழுப்பிய அரசனைத்தான் நாம் முதன்முதலில் அகலவாக்கில் பார்த்திருக்கிறோம். தமிழனுக்கு அகலம் புதிதல்ல.) ஆகவே அகலத்திரை இந்த ஊருக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லப்போனால் அது போதாத அகலம்.

இனி வட்டுக்குள் நுழைவோம். நம் நாட்டு ‘பால்’ முறையில் (ஆவினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) டிவிடியின் ஒவ்வொரு படமும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். பழைய 4:3 படமானாலும் புதிய 16:9 படமானாலும் புள்ளிக்கணக்கு அதேதான். அகலப் படத்தை இடுப்பில் கயிறு கட்டி இறுக்கி 720-க்குள் அடைத்து, “இது அகலப் படம், காட்டும்போது விரித்துக்கொள்” என்று வட்டில் ஒரு குறிப்பு வைத்துவிடுகிறார்கள். பிளேயரும் டிவியும் அந்தக் குறிப்பைப் படித்து விரிக்க வேண்டும். எனவே மெனு வரைபவர் 1024-க்கு 576 என்ற அளவில் வரைந்து, பிறகு 720-க்குச் சுருக்க வேண்டும். அவசரத்தில் நேராக 720-இலேயே வரைந்தவரின் கதியைப் பௌர்ணமி நிலா காட்டிக்கொடுத்துவிடும். கிரிவல டிவிடியின் முகப்பில் மலைக்கு மேலே நிலா இல்லாமல் இருக்காது. வட்டமாக வரைந்த அந்த நிலா, திரையில் விரியும்போது படுக்கவைத்த கோழிமுட்டை ஆகிவிடும். இன்னொரு விபத்து தீபத்துக்கு நேர்வது. மலையைப் பெரிதாகக் காட்டும் ஆசையில் உச்சியைப் படத்தின் மேல்விளிம்புவரை கொண்டுபோய்விடுவார்கள். பழைய பெட்டி டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும் பழக்கம் உள்ளவை. கொப்பரை, நெய், திரி எல்லாம் மேலே போய்ச் சேர்ந்து, மாலை ஆறு மணிக்கு ஏற்றிய மகாதீபம், டிவியின் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கும். வீட்டிலுள்ளோர் இருண்ட மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குற்றங்கள். இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை வேறு இடத்தில், ஹைலைட்டில், இருக்கிறது. ரிமோட்டில் அம்பை அழுத்தும்போது பட்டனுக்குப் பட்டன் தாவுகிற அந்த ஒளி, மெனுப் படத்தின் பகுதி அல்ல. நான்கே நிறம் கொண்ட தனித் தகடு அது. படத்தின்மேல் பிளேயர் அதைப் போர்த்துகிறது. படமும் ஒளியும் ஒரே அளவில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி அளித்து, ஆட்சிக்கு வந்ததும் கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம், 4:3 வடிவம். மூலைக்கு மூலை 14 என்றால் அகலம் 11.2 அங்குலம், உயரம் 8.4. அதில் அகலத்திரை டிவிடியைப் போட்டால், பிளேயர் ‘4:3 எல்பி’ என்ற நிலையில் இருக்கும்பட்சத்தில், படம் 6.3 அங்குல உயரத்துக்குச் சுருங்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். புள்ளிக்கணக்கில் 576 வரி 432 ஆகும். மேலே 72, கீழே 72 கறுப்பு. படம் சுருங்கிவிட்டது, ஒளித்தகடோ சுருங்குவதில்லை. அகலத் திரையில் எந்த வரியில் இருந்ததோ அதே வரியில் நிற்கும்.

கோபுரக் கொள்கைப்படி ஆறு பட்டன்களை அடுக்கிப் பார்ப்போம்: நிச்சயதார்த்தம், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், பந்தி. முதல் எழுத்து 130-ஆவது வரியில், பிறகு எழுபது எழுபதாக இறங்கி, முகூர்த்தம் 410, பந்தி 480. சின்னத் திரையில் சுருங்கியதும் முகூர்த்தம் என்ற எழுத்து 380-க்கு ஏறிவிடும், பந்தி 432-க்கு வந்துவிடும். முகூர்த்தத்துக்குரிய ஒளி மட்டும் 410-இலேயே நிற்கும். அதாவது முகூர்த்தத்துக்கு 30 வரி தள்ளி, பந்திக்கு 22 வரி கிட்டத்தில். பந்தி பார்க்க ஆசைப்பட்ட சித்தப்பா ஒளி பந்திக்குப் பக்கத்தில் வந்ததும் ஓகே அழுத்துவார், தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையான பந்திக்கு இன்னும் ஒரு முறை கீழே இறங்க வேண்டும்; அப்போது ஒளி எல்லா எழுத்துக்கும் கீழே, வெற்றிடத்தில், சாப்பிட்டு எழுந்துபோன இலைபோல் தனியாகக் கிடக்கும். இந்த ஊர்த் தலபுராணம் தெரிந்தவர்களுக்கு இது புதிய நிகழ்ச்சி அல்ல. காணாத முடியைக் கண்டதாகப் பிரமனுக்காகச் சாட்சி சொன்ன தாழம்பூவின் வேலையைத்தான் இந்த ஒளி செய்கிறது: இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, இருப்பதாகச் சொல்வது. தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லாமல் போயிற்று. பொய் ஹைலைட்டுக்கு இதுவரை எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை.

மருந்து கணக்கிலேயே இருக்கிறது. படம் சுருங்குவது நடுக்கோட்டை நோக்கி. 576-இல் பாதி 288. அதன் முக்கால் 216. மேலே சேரும் கறுப்பு 72. கூட்டினால் மறுபடி 288. எல்லா வரிகளும் இடம்பெயரும்போது நடுவரி மட்டும் அசைவதில்லை. குறுக்கே 720-இல் மாற்றம் ஏதுமில்லை. ஆகவே பட்டன்களையெல்லாம் 288-ஆவது வரியில் பக்கம் பக்கமாக நிறுத்திவிட்டால், இலவச டிவியிலும் ஒளி தன் எழுத்தின் மேலேயே விழும். மேலும் கீழும் இம்மியளவு பிதுங்கும், அது விளக்கின் சோதி என்று கொள்ளத்தக்கது. இப்படி நிறுத்தியதும் ரிமோட்டின் அம்புகளுக்குப் புதுப் பொருள் பிறக்கிறது. டிவிடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு அண்டைவீட்டுக்காரர்களை நாமே குறிக்கலாம். கடைசிப் பட்டனின் வலப்பக்கத்து வீடு முதல் பட்டன் என்று எழுதிவிட்டால், வல அம்பை அழுத்த அழுத்த ஒளி இந்திரலிங்கத்தில் புறப்பட்டு, அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று போய், ஈசானியத்தைத் தாண்டி மறுபடி இந்திரலிங்கத்துக்கே வந்து சேரும். வலம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உரை கிடையாது. மேல் அம்பும் கீழ் அம்பும்? வரிசை ஒன்றே ஆகையால் அவற்றுக்குப் போக்கிடமில்லை. மேல் அம்பு அன்னம், கீழ் அம்பு பன்றி. எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்று முடியைக் காணாது, மற்றது அடியைக் காணாது. களைத்துப்போய்க் கட்டைவிரல் நடுவிலுள்ள ஓகேயில் விழும் அந்தக் கணமே சரணாகதி.

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருப்பதுபோல, நாமும் மாற்றார் கூற்றைக் கேட்காமல் போகலாகாது. முதல் தடை தமிழிலிருந்தே வருகிறது. ஓரங்களில் டிவி தின்பதுபோக, எழுத்துக்கு நம்பகமாகக் கிடைப்பது குறுக்கே 576 புள்ளிகள். லிங்கக் கணக்கில் எட்டுப் பட்டன் என்று எட்டால் வகுத்தால் ஆளுக்கு 72. ஆங்கிலத்தான் ‘லஞ்ச்’ என்று ஐந்தெழுத்தில் உண்டு எழுந்துவிடுவான். ‘மாப்பிள்ளை அழைப்பு’ 72 புள்ளிக்குள் எப்படி நுழையும்? இது வலுவான தடைதான். கோபுரக் கொள்கை இத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு நம் சொற்களின் நீளமே காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எட்டு லிங்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்தபடி கிரிவலம் போனவர் எவருமில்லை. பக்கத்துக்கு நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 144. மாப்பிள்ளை ஒரு வரியிலும் அழைப்பு மறுவரியிலுமாகச் சௌகரியமாக இறங்கிவிடுவார்கள். நான்காவதைத் தாண்டியதும், ஒளி பட்டவுடன் தானே இயங்கும் மறைபட்டன் ஒன்றை வைத்து அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். டிவிடி விதிகளில் அதற்கு இடமுண்டு.

இரண்டாவது தடை பண்டிதர்களுடையது. அகலத் திரைக்கு ஓர் ஒளித்தகடு, சுருங்கிய திரைக்கு இன்னொன்று என்று இரண்டு செய்துவிட்டால் சிக்கலே இல்லையே, விதியே அதற்கு வழி வைத்திருக்கிறதே என்பார்கள். உண்மை. ஒரே தகடு என்றால் ஒரு மெனுவில் 36 பட்டன்வரை வைக்கலாம். இரண்டு தகடு என்றால் 18. மூன்றாவது வகைத் திரைக்கும் செய்தால் 12. எட்டுக்கு 18 தாராளம். இதை ஞான மார்க்கம் என்று மதித்து வணங்குகிறோம். ஆனால் வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கியடிக்க, எடிட்டிங் மேசையில் நாலு கல்யாணம் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்க, பர்னர் தட்டு வெளியே வந்து அடுத்த வட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, ஒரே மெனுவுக்கு இரண்டு ஒளி வரைய அமரும் ஞானிகள் அரிது. நடுவரி பக்தி மார்க்கம், எளியோர்க்கும் எய்தும். பக்கவாட்டை வெட்டிக் காட்டும் ‘4:3 பிஎஸ்’ நிலையில் இரு ஓரத்திலும் 90 புள்ளி போய், முதல் பட்டனும் கடைசிப் பட்டனும் அரைகுறையாகிவிடுமே என்று கேட்பார்க்கு ஒரே விடை: இம்மெனுவை வெட்டக்கூடாது என்று வட்டிலேயே எழுதிவைக்கலாம், எழுதிவையுங்கள்.

கடைசித் தடை காலத்தினுடையது. இப்போது எல்லாமே பென் டிரைவ், சுவரில் மாட்டிய எல்இடி டிவி; டிவிடிக்கு முகப்பு பார்த்து என்ன செய்ய? பென் டிரைவுக்கு மெனுவே கிடையாது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கோபுரமும் இல்லாமல் பாதையும் இல்லாமல் நேரே கருவறைக்குள் குதிக்கிற ஏற்பாடு அது. திறந்தால் நீண்ட எண் பெயர்களோடு பதினெட்டுக் கோப்புகள், எதில் தாலி எதில் பந்தி என்று எந்தத் தாழம்பூவும் சொல்லாது. மேலும், பழைய வட்டுகள் எங்கும் போய்விடவில்லை. தேரடி வீதியிலும் திருவூடல் தெருவிலும் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைக்கும் எல்ஐசி பத்திரத்துக்கும் நடுவே அவை இருக்கின்றன. பிள்ளை கேட்டு எடுத்து அகல டிவியில் போடும்போது, 4:3-இல் செய்த முகப்பைத் திரை முழுக்க இழுத்துவைத்தால் அன்றைய மணப்பெண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறாள். இன்று அம்மாவாகிவிட்ட அவளே அதைப் பார்த்து, அப்போது நான் இவ்வளவு பருமன் இல்லை என்று சொல்கிறாள், யாரும் நம்புவதில்லை. கோபுர வரிசை, கிரிவல வரிசை எதுவும் இந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவளை விடுவிப்பதற்கில்லை. ரிமோட்டில் வடிவம் மாற்றும் பொத்தானை யாராவது தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ரிமோட்டுகளில் அதன்மேல் எழுதியிருந்தது தேய்ந்துபோயிருக்கும்.