பச்சை தெரியுது, எடை தெரியலை

நடக்கச் சோம்பல்படுகிறவர்களும் காட்டை ஆராய ஒரு வழி உண்டு: சாட்டிலைட். காடு எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமல் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். எழாமல் என்ற சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன்.

லேண்ட்சாட் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகிறது. 2008-ல் அத்தனையையும் இலவசமாக்கினார்கள். இலவசம் என்றால் விடுவோமா? லேப்டாப் திணறத் திணற இறக்கினேன். வால்பாறைப் படம் முழுக்க வெள்ளை. ஆடி மாதத்தில் அங்கே மேகத்தைத் தவிர வேறென்ன தெரியும்?

இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பசுமையை அளப்பதுதான் என்டிவிஐ. முதுமலையைப் பழைய மார்ச் படத்தில் ஒருமுறை, புதிய அக்டோபர் படத்தில் ஒருமுறை அளந்தேன். காடு அமோக வளர்ச்சி! குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுக் கைதட்டலும் வாங்கினேன். கோடையில் இலை உதிர்க்கும் காடு மழைக்குத் துளிர்க்கும் என்பது பள்ளிக்கூடப் பாடமாம்.

அடுத்து, தேயிலைத் தோட்டமும் பக்கத்துக் காடும் என் ஸ்கிரீனில் ஏறக்குறைய ஒரே பச்சை. இலை அடர்ந்துவிட்டால் என்டிவிஐ அதற்கு மேல் ஏறாது. மரத்தின் கார்பன் இருப்பதோ பெரும்பாலும் கட்டையில். காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி அதுதான். இது புரிவதற்குள் டேபிள் போட்டு, கலரும் அடித்து முடித்திருந்தேன்.

சரி, எதைத்தான் காடு என்பது? இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால் போதும். யார் நிலமானாலும், என்ன மரமானாலும் அது வனப்பரப்பு. அப்படியென்றால் எங்கள் தென்னந்தோப்பும் சேர்த்திதான். தான் ஒரு வனக்காவலர் என்று தெரியாமலே தாத்தா போய்ச் சேர்ந்தார்.

பச்சையை மட்டும் நம்பாத விவரமானவர்கள் விண்வெளி நிலையத்திலிருந்து லேசர் அடித்து மர உயரம் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்கள் ஏவிய 'பயோமாஸ்' சாட்டிலைட்டின் ரேடார் அலை சுமார் 70 சென்டிமீட்டர் நீளம். இலையைத் தாண்டிப் போய் அடிமரத்தைத் தொடும். அதையும் டன் கணக்காக்க, கீழே ஒருவர் மரத்தைச் சுற்றி டேப் பிடித்தாக வேண்டும். நான் தப்பிக்க நினைத்த வேலை அதேதான்.

உங்கள் குரூப்புக்கும் 'காடு வளர்கிறது' என்று பச்சைப் படம் வந்தால், எந்த மாதம் எடுத்தது என்று மட்டும் கேளுங்கள். முதலில் யார் அனுப்பியது என்று கேட்க வேண்டாம்.