திருவாளர் 9 அவர்களின் தகுதிப் பட்டியல்

பெறுநர்: சேர்க்கைப் பிரிவின் மேன்மைமிகு பொறுப்பாளர்
பொருள்: 100-ஐ விட 9 பெரிது என நிறுவியமைக்குப் பாராட்டு – தொடர்பாக.

நேற்று வெளியான தகுதிப் பட்டியலில் நூற்றுக்கு நூறு எடுத்த மாணவி, 11 எடுத்தவருக்குக் கீழே நிற்கிறார். 9 எடுத்தவரோ 90-க்கும் 89-க்கும் நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திருவாளர் 9-க்கு இப்படியோர் ஆசனம் தந்த பிரிவின் தாராள மனம் போற்றத்தக்கது.

இந்தப் பெருமை மதிப்பெண் சேமிக்கப்பட்ட விதத்தால் வந்தது. மாங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளத்தில், சரிபார்ப்பு விதி வைக்காதவரை, ஒரே புலம் ஓர் ஆவணத்தில் எண்ணாகவும் அடுத்ததில் சரமாகவும், அதாவது எழுத்துத் தொடராகவும், இருக்கலாம். படிவத்தில் தட்டிய மதிப்பெண் சரமாகவே உள்ளே போய்விட்டால், இறங்கு வரிசைக்கான -1 கொடுத்ததும் தரவுத்தளம் அதன் மதிப்பைப் பார்ப்பதில்லை. முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. 1-இல் தொடங்குவது நூறானாலும் ஆயிரமானாலும் திருவாளர் 9 முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அவருக்கும் மேலே சிலர் உண்டு. தேர்வுக்கு வராதவர்களின் கட்டத்தில் பிரிவு ‘ஏபி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டிருக்கிறது. குறியீட்டு வரிசையில் இலக்கங்கள் முன்னே, ஆங்கில எழுத்துகள் பின்னே. இறங்கு வரிசை அதைத் தலைகீழாக்குகிறது. ஆகவே முதலிடம், தேர்வு அறையை எட்டியே பார்க்காதவர்களுக்கு. திருவாளர் 9-ம் அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

புகார் வந்த பதிவை மட்டும் எண்ணாகத் திருத்துவது இன்னும் விசேஷம். வகை கலந்த புலத்தில் எண்கள் எல்லாம் சரங்களைவிடச் சிறியவை. திருத்திய 100 இறங்கு வரிசையில் எல்லாச் சரங்களுக்கும் கீழே போய்விடும்.

சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்பது உதவி மேசையின் விளக்கம். சிஸ்டம் சொன்னதைச் செய்தது. வெளியிடுமுன் முதல் பக்கத்தை ஒரே ஒருவர் படித்திருந்தால் போதும், படிக்கவில்லை. ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தோடு விளையாடியிருக்கிறார்கள். பிரிவின் ஓயாத பணிச்சுமை நாடறிந்தது. இந்த வரிகளைப் பொறுத்தருளலாம்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. மாங்கோடிபியின் 3.4 பதிப்பிலிருந்து கிடைக்கும் கொலேஷன் என்ற ஒப்பீட்டு விதியில், சரத்துக்குள் இருக்கும் இலக்கங்களை எண்ணாகக் கருதச் சொல்லும் விருப்பம் உண்டு. ஆனால் அது தசமப் புள்ளியை அறியாது. புள்ளிக்குப் பின் 5, 25 என்று தனித்தனி எண்களாகப் பார்த்து 99.25-ஐ 99.5-க்கு மேலே ஏற்றிவிடும். திருவாளர் 9 ஓய்வுபெற்றதும் அவர் மருமகன் பதவிக்கு வருவார். எல்லா மதிப்பெண்ணையும் தசம எண்ணாக மாற்றிச் சேமித்து, வராதவர்களுக்கு வேறு புலம் வைப்பதே சரி.

மதிப்பெண் சமமானால் பிரிவு மாணவர் பெயரைப் பார்க்கிறது. இயல்புநிலை ஒப்பீட்டில் கணபதி, கணேசன், கண்ணன் என்று வரும். யூனிகோடில் மெய்ப்புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதே காரணம். தமிழ் அகராதிப்படி கண்ணனே முதலில். கொலேஷனில் தமிழைத் தேர்ந்தால் இது சீராகும். பெயரும் ஒன்றாயிருந்தால் வரிசை நிலையானதல்ல: பட்டியலைப் பக்கம் பக்கமாக எடுக்கும்போது ஒருவரே இரு பக்கங்களில் தோன்றலாம், இன்னொருவர் எதிலும் இல்லாமல் போகலாம். வரிசை விதியின் கடைசியில் விண்ணப்ப எண்ணையும் சேர்த்தால் இது நிற்கும். அந்த எண் இருவருக்கு ஒன்றாக வராது, பிரிவே வழங்கியிராவிட்டால்.