சுரண்டல்காரர்

எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. வாசிப்பவர் ஒரு ரகம். வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைத்து விருந்தாளி கேட்கும்வரை காத்திருப்பவர் ஒரு ரகம். பையன் வளர்ந்ததும் வாசிப்பான் என்று உறையைக்கூடப் பிரிக்காதவர் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்த ஆள் இந்த மூன்றிலும் சேராதவர். இவர் கிட்டாரைச் சுரண்டுபவர்.

நாற்பதை ஒட்டிய வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. கல்லூரி விடுதி விழாவில் ஒருமுறை மேடையேறியிருக்கிறார். அந்தப் புகைப்படத்தில் இடது ஓரத்தில் பாதி முகம் தெரியும். ‘இளைய நிலா’ பாட்டின் முன்னிசையில் முதல் சில அடிகளைப் பிசிறில்லாமல் வாசிப்பார். அதற்கு மேல் போகாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து தமிழ்நாட்டுக் கிட்டார்க்காரர்களில் பாதிப் பேரின் பயணம் அந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது. மற்றவர்கள் விரலைக் குறை சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர் ஆராய்ச்சி செய்தார். குற்றம் பெயின்டில் இருந்தது.

“மரம் மூச்சு விடணும் சார்” என்று லிப்ட்டில் பிடித்துக்கொள்வார். நான்காவது மாடிக்குள் சொல்லி முடிக்கும்படி சித்தாந்தத்தைச் சுருக்கி வைத்திருக்கிறார். பழைய ஃபெண்டர் கிட்டார்களுக்கு மெல்லிசாக நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். 1960-களின் கடைசியில் கம்பெனி பாலியஸ்டருக்கு மாறியது. அன்றோடு உலகத்தில் நல்ல நாதம் போயிற்று. இப்போது வருகிற மலிவு கிட்டார்களெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டுத் திணறுகின்றன. அவருடைய கறுப்புக் கிட்டாரும் திணறுகிறது. அதனால்தான் முன்னிசை பாதியில் நிற்கிறது.

ஆதாரம் கேட்டால் ரிஷிகேசத்துக்குப் போய்விடுவார். 1968-ல் பீட்டில்ஸ் அங்கே தியானம் கற்க வந்திருந்தபோது உடனிருந்த பாடகர் டோனவன், வார்னிஷை எடுத்துவிட்டால் கிட்டார் நன்றாகப் பேசும் என்று சொன்னதாகவும், ஊர் திரும்பியதும் லென்னனும் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கசினோக்களைச் சுரண்டி வெறும் மரமாக்கிவிட்டதாகவும் ஒரு வரலாறு உண்டு. சுரண்டியது நிஜம். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடிக் கச்சேரியில் லென்னன் கையில் இருந்தது அந்த மொட்டைக் கசினோதான். ஆகவே நம்மவருக்கு இது தச்சுவேலை அல்ல, கங்கைக் கரையில் கிடைத்த உபதேசம்.

கசினோ உள்ளே கூடு உள்ள கிட்டார். அதன் பலகை அதிரும். மேலே ஏறிய பூச்சு அதிர்வைக் கொஞ்சம் மாற்றும் என்றால் கேட்டுக்கொள்ளலாம். நம்மவருடையது முழுக்கட்டை. அதில் சத்தம் பிறக்கும் இடம் பிக்கப்: காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள்; மேலே இரும்புத் தந்தி ஆடினால் கம்பியில் மின்சாரம் ஊறும். பெயின்டுக்கு இந்தப் பேச்சுவார்த்தையில் என்ன வேலை என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. “உங்களுக்குக் காது பழகல சார்” என்றார்.

உரிக்கும் படலம் ஒரு சனிக்கிழமை தொடங்கும். எப்போதும் சனிக்கிழமைதான், திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும் என்ற கணக்கில். தந்திகளைக் கழற்றி, நான்கு திருகாணிகளை அவிழ்த்து நெக்கைப் பிரித்து, பிக்கார்டைத் தூக்கி, வயர்களை வெட்டுவார். எந்த வயர் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லாக் கையேடுகளும் கெஞ்சுகின்றன. எடுப்பார். பின்னால் பார்த்தால் அதில் அவருடைய கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருக்கும்.

முதல் ஆயுதம் மனைவியின் ஹேர் டிரையர். அது பாலியஸ்டரை லேசாக வெதுவெதுப்பாக்கிவிட்டுத் தானே சூடு தாங்காமல் நின்றுபோகும். அடுத்தது பெயின்ட் ரிமூவர். தொழிற்சாலைப் பாலியஸ்டர் அதற்கெல்லாம் மசியாது. பால்கனிக் கம்பியில் சிந்திய இடத்தில் மட்டும் பெயின்ட் அருமையாக உரிந்து வரும். கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டும் உருகிவிடும். மூன்றாவதாகத்தான் ஹீட் கன் வாங்குவார். உண்மையில் வேலை செய்வது அதுதான். ஒரே இடத்தில் பிடிக்காமல் மெல்ல நகர்த்தினால் பூச்சு கொப்பளித்து எழும்பும். அடியில் ஸ்கிராப்பரைக் கொடுத்தால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இவ்வளவும் செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு முழுசாக வந்ததும், ஓடிப்போய் வீட்டில் காட்டினார்.

“ஏங்க, பேசாம ஃபேனைத் துடைச்சுக் குடுங்களேன், ரெண்டு மாசமாச் சொல்றேன்.”

“இது வேற.”

“ஆமா, வேறதான். அதைத் துடைச்சா காத்து வரும்.”

பிறகு உப்புத்தாள். 80, 120, 220 என்று ஏறிக்கொண்டே போகிற இலக்கங்களை நம்மவர் ஏழு ஸ்வரம் கற்றபோதுகூட இவ்வளவு பயபக்தியுடன் சொன்னதில்லை. தூசி துணிக்கொடி, துளசித்தொட்டி, அடுத்த வீட்டு அப்பளம் எல்லாவற்றின் மேலும் சமமாகப் படியும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் ஒரு கண்டனம் வரும். முதல் ஆளாகக் கைகூப்பும் பொம்மை போடுபவர் நம்மவர்தான்.

கறுப்பு போனதும் உள்ளே ரேகை ஓடும் அழகான மரம் ஒன்று காத்திருக்கும் என்பது இவருடைய கனவு. அதன் மேல் தேன் நிறச் சாயம் ஏற்றி, மேலே தெளிவாக லாக்கர் கொடுக்கலாம். ஆனால் ஒரு தொழிற்சாலை ஒரு மரத்துக்குக் கனமாகக் கறுப்படித்தால் அதற்குக் காரணம் இருக்கும். பூச்சு முழுக்கப் போனபின் தெரிந்தது: மூன்றோ நான்கோ துண்டுகளை ஒட்டிய வெளிறிய பாஸ்வுட், ஓரிடத்தில் பட்டி வைத்து அடைத்த ஓட்டை, நடுவில் ஹீட் கன்னைக் கொஞ்ச நேரம் மறந்ததால் வந்த தீய்ந்த வட்டம். பக்கத்து ஃபிளாட்டில் அலமாரி வேலைக்கு வந்திருந்த கார்பென்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நகத்தால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

“என்னா மரம் சார் இது? பழப்பொட்டி அடிக்கிற கட்டையாட்டம் இருக்கு. நம்மூரு வீணையெல்லாம் பலாவுல இழைப்பாங்க, ஆணி எறங்காது.”

“இது டோன்வுட் அண்ணே.”

“அப்ப சரி சார்” என்று அவர் போய்விட்டார். ஒரு மனிதருக்குச் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லாமல் விடும் நாகரிகம் தச்சுத் தொழிலில் இன்னும் இருக்கிறது.

மரம் கைவிட்டதால் மறுபடி நிறம்தான் அடிக்க வேண்டும். எந்த நிறம் என்பதில் சில வாரங்கள் போயின. ஃபெண்டர் கம்பெனி அந்தக் காலத்தில் தனி நிறம் எதுவும் காய்ச்சவில்லை. டூபான்ட் செய்த கார் பெயின்டை வாங்கித்தான் அடித்தது. ஃபியெஸ்டா ரெட், ஃபோர்டு காரின் சிவப்பு. லேக் பிளாசிட் ப்ளூ, கெடிலாக்கின் நீலம். இதையெல்லாம் நம்மவர் சாப்பாட்டு மேசையில் படத்தோடு விளக்கினார். அப்படியானால் தெருமுனை டிங்கரிங்–பெயின்டிங் கடைதானே உலகத்திலேயே இதற்குப் பொருத்தமான இடம்? அங்கே கம்ப்ரஸர் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, நாள் தவறாமல் புல்லட் டேங்க் பளபளக்கிறது. நான்தான் அழைத்துப் போனேன். பெயின்டர் கட்டையை வாங்கி எடை பார்த்தார்.

“வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்குச் சாயங்காலம் கண்ணாடி மாதிரி குடுத்துடறேன். டேங்குக்கு வாங்கறதுல பாதி குடுங்க போதும்.”

நம்மவர் கட்டையைத் திருப்பி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நாளைக்கே முடிந்துவிடும் என்பதுதான் அவரைப் புண்படுத்தியது.

வீட்டிலேயே அடிக்கத் தொடங்கியபோது ஐப்பசி பிறந்துவிட்டது. நைட்ரோ லாக்கருக்கு ஈரக்காற்று ஆகாது. தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, பூச்சு வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பால்கனியில் லாக்கர் அடிப்பதைவிட மொட்டைமாடியில் வடாம் பிழியலாம். சமையலறைப் பக்கம் போகவும் வழியில்லை. நைட்ரோ லாக்கர் துப்பாக்கிப் பஞ்சுக்குப் பங்காளி, பழைய நைட்ரேட் சினிமாச் சுருள்கள் பற்றியெரிந்ததும் அந்தக் குணத்தால்தான் என்று அவரே விளக்கமாகச் சொல்லியிருந்தபடியால், மனைவி அடுப்புக்கு ஐந்தடி தூரத்திலேயே கோடு கிழித்துவிட்டார். கட்டை துணிக்கொடியில் தொங்கியது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து அடித்தார். வெளுப்பு போனது, கொசு வந்தது. ஈர லாக்கரில் உட்கார்ந்த கொசு எழுந்து போவதில்லை. அடுத்த பூச்சுக்கடியில் இறக்கை விரித்தபடி தங்கிவிடுகிறது. தேய்த்து எடுத்தார். புறா இறகு. தேய்த்து எடுத்தார். எதிர்வீட்டுத் தீபாவளி. அதையும் தேய்த்து எடுத்தார்.

நீலத்தில் ஒவ்வொரு திட்டும் தெரிந்தது. சிவப்பில் இன்னும் மோசம். எல்லாத் தவறுகளையும் மன்னிக்கும் நிறம் ஒன்றே ஒன்றுதான். தை பிறந்தபோது துணிக்கொடியில் தொங்கிய கட்டை, நல்ல, ஆழமான கறுப்பு.

“முன்னாடியும் கறுப்புதானே இருந்துது?” என்றார் மனைவி.

“அது பாலியஸ்டர் கறுப்பு. இது நைட்ரோ கறுப்பு.”

லாக்கர் காய்ந்ததுபோல் இருக்கும், காய்ந்திருக்காது. உள்ளிருக்கும் தின்னர் முழுக்க வெளியேறச் சில வாரமாகும். வாசனை நின்றதா என்று முகர்ந்து பார்ப்பதே பரீட்சை. நம்மவர் காலையில் பல் தேய்க்குமுன் பால்கனிக்குப் போய் முகர்வார். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் முகர்வார். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்; மகன் மரக்கட்டையில் மூக்கை வைத்துக் கண்மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு, மருமகளிடம் தணிந்த குரலில் ஏதோ விசாரித்தார்.

காய்ந்தபின் 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்ற வேண்டும். விளிம்புகளில் பூச்சு மெலிசாகத்தான் நிற்கும். அங்கே கை அழுத்தினால் போச்சு. அழுத்தினார். இரண்டு ஓரங்களில் கறுப்பு போய் மரம் எட்டிப் பார்த்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். நம்மவரின் மேதைமை இங்கேதான் விளங்கியது. அயர்லாந்துக்காரர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் பூச்செல்லாம் உதிர்ந்து மரம் தெரிகிற கிட்டார். அவர் வியர்வையே அதை உரித்தது என்பார்கள். ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1990-களிலிருந்து புதுக் கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்துச் சிராய்த்து, புதுசைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஆக, தேய்ந்துபோன ஓரம் என்பது பிழை அல்ல, மதிப்புக்கூட்டல். இரண்டு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒருவேளை சந்தேகம் வரலாம் என்று, சாவிக்கொத்தை எடுத்து மற்ற இடங்களையும் நிதானமாகக் கீறத் தொடங்கினார்.

“இத்தனை மாசம் பளபளன்னு ஆக்கி, இப்ப ஏங்க கீர்றீங்க?”

“முப்பது வருஷம் மேடையில வாசிச்ச மாதிரி இருக்கணும்.”

“அதுக்கு முப்பது வருஷம் வாசிக்கலாமே.”

இந்த யோசனை அவர் பரிசீலனைக்குக்கூட எடுத்துக்கொள்ளாத ஒன்று.

வயர் இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சி தெருவுக்கு இரண்டு நடை, சால்டரிங் அயர்ன், ஈயம், கட்டைவிரல் போட்டோ. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போனதால் ஆம்ப்ளிஃபயர் ‘ங்ஙொய்’ என்று ஓயாமல் இரைந்தது. அதை “வின்டேஜ் ஹம்” என்றார். மூன்றாம் நாள் மகள் ஓரமாகத் தொங்கிய வயரைக் காட்டிக்கொடுத்தாள்.

அரங்கேற்றத்துக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். கேசரி இருந்தது. ‘இளைய நிலா’ முன்னிசையைத் தொடங்கினார். பிசிறில்லாமல் வந்தது. வழக்கமான இடத்தில் நின்றது.

“கேட்டீங்களா வித்தியாசம்? நோட்டு எப்படி நின்னு பாடுது பாருங்க!”

கேட்டது என்றோம். கேசரி நன்றாக இருந்தது. அம்மா மட்டும், “ஏண்டா, இதுக்கு மேல வராதா?” என்றார்.

நம்மவர் சிறிது யோசித்துவிட்டு, நெக்கின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே இன்னும் கம்பெனி வார்னிஷ் இருக்கிறது, கை வழுக்க மாட்டேன் என்கிறது, விரல் வேகம் அதில்தான் குறைகிறது என்றார். பேசிக்கொண்டே அவர் பார்வை கூடத்தைச் சுற்றிவந்து மூலையில் நின்றது. அங்கே அம்மாவின் தஞ்சாவூர் வீணை, உறை கழற்றிச் சாத்தியிருந்தது. எழுந்துபோய்க் குடத்தை நகத்தால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

“அம்மா, இதுல எவ்வளவு கனமா பாலிஷ் ஏத்தியிருக்கான் பாத்தியா? பலா மரம் மூச்சே விட முடியாது.”

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் அவர் ஆபீஸுக்குக் கிளம்பின கால் மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வீணை மயிலாப்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிற்று. ஹீட் கன்னும் அதே ஆட்டோவில்தான் போனது என்று வாட்ச்மேன் சொன்னார்.