குழந்தை நூலுக்கு ஒரு முதுகலைப் பட்டமா?

கேள்வி: பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் குழந்தைக் கதையை இரண்டு ஆண்டு, அதுவும் நாடு நாடாகச் சென்று படிக்க அதில் என்ன இருக்கிறது?

பதில்: குழந்தை ஒரே பார்வையில் கண்டுகொள்வதைப் பெரியவர் புதிதாகக் கற்க வேண்டியிருப்பதால் அவருக்கு இரண்டு ஆண்டு தேவைப்படுகிறது. மாரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ ஒரு படநூல், அதாவது சொல்லும் படமும் சேர்ந்தே கதை சொல்லும் நூல். இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட சிறுவனின் கற்பனை விரிய விரியப் படமும் பெரிதாகி, பூதங்களின் ஆட்டம் உச்சம் தொடும்போது எழுத்தை முற்றிலும் வெளியேற்றி மூன்று இரட்டைப் பக்கங்களை நிறைத்துக்கொள்ள, கடைசிப் பக்கத்திலோ படமே இல்லாமல் சில சொற்கள் மட்டும் நிற்கின்றன. எழுத்தறியாத பிள்ளை இதை விரல் வைத்துக் காட்டிவிடும்.

நாடு நாடாகச் செல்வதற்கும் காரணம் உண்டு. எராஸ்மஸ் முண்டஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்தும் முதுகலைத் திட்டம். அதன் குழந்தை இலக்கியப் படிப்பு கிளாஸ்கோவில் தொடங்கி, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் வழியாக, மாணவரின் தேர்வுக்கேற்ப நெதர்லாந்து, போலந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் செல்கிறது. இது ஊர் சுற்றும் ஏற்பாடு அன்று. குழந்தைக்கு எது தகும் என்பதில் ஒரு நாட்டுப் பெரியவர் இன்னொரு நாட்டாரோடு ஒத்துப்போவதில்லை என்பதை நேரில் கண்டால்தான், 1945இல் ஸ்வீடனில் வெளிவந்த குழந்தை நூலில் குதிரையையே தூக்கிய சிறுமி பிப்பி, பழைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் ஏன் மட்டக்குதிரையோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது என்பது விளங்கும்.