பாலைவனத்தில் ஒரு கடல்கன்னி

ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில் கடல்கன்னி கதையை மேடையேற்றத் தனித் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஐவின்ஸ் என்ற சிற்றூருக்கு அந்தத் துணிச்சல் உண்டு. அங்குள்ள டூவகான் திறந்தவெளி அரங்கில் டிஸ்னியின் 'த லிட்டில் மெர்மெய்ட்' இசை நாடகம் நடந்திருக்கிறது. பக்கத்து ஊரான செயின்ட் ஜார்ஜில் ஜூலை மாதம் 40 டிகிரி செல்சியஸ் என்பது பேச்சுக்குக்கூட எடுக்கப்படாத வெயில். 1985-இல் 47 டிகிரியைத் தொட்டு மாநிலச் சாதனை படைத்த ஊர் அது.

ஐவின்சுக்கு ஒரு கோடையில், மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த மதுரைத் தம்பதி போய்ச் சேர்ந்தார்கள். கணவர் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் துறைக்கு இன்னும் கொடுக்கவில்லை. கிராண்ட் கேன்யன் விளிம்பில் எல்லோரும் வாயடைத்து நின்றபோது, "இங்க அரிச்ச மண்ணெல்லாம் எங்க போய் வண்டலா நிக்குது?" என்று கேட்டவர். ஹூவர் அணையில் குடும்பத்தை உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு, நீர் உள்வாங்கும் கோபுரங்கள் நான்கும் ஒரே அளவுதானா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தவர். இவருக்கு இசை நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியது மருமகன். "மாமா, பிரம்மாண்டமா இருக்கும்" என்று சொல்லித்தான் வாங்கினார்.

லாஸ் வேகாசிலிருந்து ஐவின்ஸ் ஏறத்தாழ 120 மைல். இரண்டு மணி நேரப் பயணம், கடிகாரத்தில் மூன்று மணி நேரம். நெடுஞ்சாலை நெவாடாவில் தொடங்கி, அரிசோனாவின் ஒரு முனையை முப்பது மைல் அளவுக்கு வெட்டிக்கொண்டு, யூட்டாவில் நுழைகிறது. அரிசோனாக்காரர்கள் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் அந்த மாதங்களில் நெவாடாவும் அரிசோனாவும் ஒரே நேரம். யூட்டா எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். மருமகன் இதை விளக்கிக்கொண்டே வர, பின்னிருக்கையிலிருந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப சாயங்கால மாத்திரையை எந்த ஊர் கணக்குல போடணும் மாப்ளே?" கைப்பேசி ஒரு நேரமும் வண்டியின் கடிகாரம் இன்னொரு நேரமும் காட்ட, அவர் பாதுகாப்பாகப் பசிக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

அரங்கைப் பார்த்ததும் பொறியாளர் சிறிது நேரம் பேசவில்லை. குடும்பத்தார் கவலைப்படும் அளவுக்குப் பேசவில்லை. கூரை கிடையாது. பின்புறச் சுவர் கிடையாது. மேடைக்குப் பின்னால் 1,500 அடி உயரத்துக்குச் செங்குத்தாகச் செம்மணற்கல் பாறை நிற்கிறது. சுமார் 1,900 இருக்கைகளும் அதைப் பார்த்தபடி சரிவில் இறங்குகின்றன. சூரியன் அடங்கும்வரை காத்திருந்து, இருட்டும் நேரத்தில்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அப்போதும் கல்லிலிருந்து வெக்கை வந்துகொண்டிருக்கும். பார்வையாளர்களில் பாதிப் பேர் கையில் பேட்டரி விசிறி. தண்ணீரைப் பொடித்தூறலாகத் தெளிக்கும் விசிறி வைத்திருப்பவர் அந்த வரிசைக்கே ஜமீன்தார்.

திறந்தவெளி என்பது அம்மாவுக்குப் புதிதில்லை. அவருடைய பிறந்த ஊர் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தவர். வள்ளி திருமணத்தில் முருகன் வேடன், வேங்கை மரம், கிழவன் என்று வேஷம் மாற்றி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். "இங்க எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டு, பதினோரு மணி வாக்கில் என்று தெரிந்ததும், "அவ்வளவுதானா?" என்று டிக்கெட் விலையை மனதுக்குள் மணிக்கணக்கால் வகுத்தார்.

பாலைவனத்தில் பாட்டும் பகட்டும் காட்டும் ஆசை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டிக்கு 1,50,000 பிராங்க் கொடுத்து 'ஐடா' என்ற ஆபராவை எழுதி வாங்கினார். காட்சி ஜோடனைகளும் உடைகளும் பாரிசில் தயாராயின. 1870-இல் பிரஷ்யப் படை பாரிசைச் சுற்றி வளைத்தது. பாரோ மன்னனின் பட்டாடைகள் நகருக்குள் மாட்டிக்கொண்டன. அவற்றை வரைந்து கொடுத்த தொல்லியலாளர் மரியட்டும் கூடவே மாட்டிக்கொண்டார். ஒருவழியாக 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அரங்கேற்றம் நடந்தபோது வெர்டி வரவில்லை. அந்த அரங்குக்காவது கூரை இருந்தது. 1987-இல் அதே ஆபராவை லக்சர் கோயிலின் வெட்டவெளிக்குக் கொண்டுபோனார்கள். 2011-இல் இஸ்ரேலிய ஆபரா குழு, சாக்கடலை ஒட்டிய மசாதா மலையடியில் போட்டது. கடல்மட்டத்துக்கும் 400 மீட்டர் கீழே கிடக்கும் அந்தச் சாக்கடல் ஓரத்துப் பாலையில், உச்சஸ்தாயியில் பாடுவதற்கென்றே பாடகர்கள் போனார்கள். பணமும் பிடிவாதமும் சேர்ந்தால் மணலில் எதையும் நிறுத்தலாம் போலிருக்கிறது.

டூவகானும் அப்படித்தான் தொடங்கியது. 1995-இல் அரங்கம் திறந்தபோது போட்ட முதல் நாடகத்தின் பெயர் 'யூட்டா!', ஆச்சரியக்குறியோடு. ஜேக்கப் ஹாம்ப்ளின் என்ற மார்மன் மதப் பிரசாரகரின் கதை. மேடையில் நிஜக் குதிரைகள் ஓடின, வாணவேடிக்கை வெடித்தது, வெள்ளம் பாய்ந்தது. வெள்ளத்தை யாரும் சும்மா சேர்க்கவில்லை. 1861-இல் மார்மன் தலைவர் பிரிகாம் யங் இந்த வறண்ட மூலைக்குப் பருத்தி விளைவிக்கக் குடும்பங்களை அனுப்பினார். அவர்கள் வந்து இறங்கிய சில வாரங்களில், மழையே இல்லாத ஊரில் மழை பிடித்துக்கொண்டது. 1862 தொடக்கத்தில் வந்த வெள்ளம் அருகிலுள்ள சாண்டா கிளாராவில் கட்டியிருந்த கோட்டையையே அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு வர்ஜின் ஆற்றில் அணை கட்டுவதும் ஆறு அதைத் தின்பதுமாக வருஷங்கள் ஓடின.

இந்த வரலாற்றை இடைவேளையில் கைப்பேசியில் படித்த பொறியாளருக்கு முகமே மலர்ந்துவிட்டது. அடுத்து அவர் கண்டெடுத்தது, 1989 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு பிறந்த கையோடு, அக்கம்பக்கத்திலுள்ள குவைல் கிரீக் நீர்த்தேக்கத்தின் மண்கரை உடைந்த செய்தி. கரைக்கு அடியில் கசிவு. "அடித்தளத்துல கசிவு இருந்தா மேல எவ்வளவு ஒசத்திக் கட்டி என்ன பிரயோஜனம் மாப்ளே? வடிகட்டிப் படுகை போட்டாங்களான்னு பாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, மருமகன் கையில் பாப்கார்னோடு தலையாட்டினார். முன்வரிசையில் இருந்த பெண்மணி, ஏதோ நாடக விமர்சனம் நடக்கிறது என்று நினைத்துப் புன்னகைத்தார்.

முதல் பாதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நடிகர்கள் கம்பியில் தொங்கிக் காற்றில் நீந்தினார்கள். துணி வால் முழங்காலைச் சேர்த்துக் கட்டியிருக்க, அந்த வெக்கையில் சிரித்த முகத்தோடு பாடினாள் நாயகி. ஒளிக்கற்றையைத் தேடி வந்த அந்துப்பூச்சி ஒன்று அவள் வாய்க்கு நேராக வட்டமிட்டது. அவள் ஒரு சுரத்தைக்கூட விடவில்லை. தலையை அரை அங்குலம் சாய்த்து, பூச்சிக்கு வழிவிட்டு, மேல்ஸ்தாயிக்கு ஏறினாள். மொத்தப் பிரம்மாண்டத்திலும் அந்த அரை அங்குலத்துக்குத்தான் அம்மா கைதட்டினார்.

கதையின் மீது அம்மாவுக்குத் தீவிரமான ஆட்சேபம் இருந்தது. கடலரசனின் மகள், கரையில் இருக்கும் இளவரசனுக்காகத் தன் குரலை ஒரு சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கால்களை வாங்கிக்கொள்கிறாள். மகள் காதோடு காதாகக் கதையைச் சொல்லி முடித்ததும், "பேச்சே வராத பொண்ணுன்னா எந்த மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் கசக்கும்?" என்றார் அம்மா. பிறகு தாழ்ந்த குரலில், "அந்த சூனியக்காரி நல்லாப் பாடுறா" என்றும் சொன்னார்.

அப்புறம் தண்ணீர் வந்தது. மேடைக்குப் பின்பக்கத்திலிருந்து பீறிட்டு, விளக்கில் நீலமாகி, மேடை முழுக்கப் பரவி ஓடியது. கூட்டம் மொத்தமும் "ஆ" என்றது. உடல் முழுக்க உலர்ந்துபோய் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானோரின் அந்தச் சத்தத்தில் கலாரசனையைவிடத் தாகம் அதிகம். பொறியாளர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். வலது கை விரல்கள் மடங்கி விரிந்தன. அகலம், ஆழம், வேகம். கடல்கன்னிக்குக் குரல் திரும்பக் கிடைத்ததோ, சூனியக்காரி ஒழிந்ததோ அவர் கவனத்தில் ஏறவில்லை. கல்யாணக் காட்சியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியபோது அவரும் எழுந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பதற்கு.

வெளியே வரும் வழியில், நுழைவாயிலில் நின்ற வயதான வழிகாட்டி ஒருவர், நாடகம் எப்படி இருந்தது என்று விசாரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல், "வினாடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறீங்க? வடியற தண்ணிய என்ன பண்றீங்க?" என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டார் பொறியாளர். தண்ணீர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட அந்த நல்ல மனிதர், மிகுந்த அக்கறையோடு, கழிவறை இடப்பக்கம் இருப்பதாகவும் குடிநீர்க் குழாய் அதற்கு வெளியிலேயே இருப்பதாகவும் தெரிவித்தார்.